பத்திரத்தில் எழுதாத வெடிப்பு

பங்குனி வெயில் ஏறினால் ஓடைநத்தத்துக் கரிசல் வாய் பிளக்கும் என்பதும், மற்ற மானாவாரிக் காடுகளில் விரற்கடை விரற்கடையாகப் பிளக்கிற பூமி கொம்பையாவின் காட்டில் மட்டும் ஒரே கோடாக, நாலுவழிச் சாலையோரத்தில் தொடங்கி ஓடைக்கரை வரைக்கும், ஆட்டுக்குட்டி விழுந்தால் கயிறு போட்டுத் தூக்க வேண்டிய ஆழத்துக்குப் பிளக்கும் என்பதும், அதன் பெயர் பெரிய வெடிப்பு என்பதும், ஐப்பசி மழையில் தானாக மூடிக்கொண்டு அடுத்த பங்குனியில் அது அதே இடத்தில் திறக்கும் என்பதும் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கொம்பையா அந்தக் காட்டைச் சங்கரபாண்டி அண்ணாச்சிக்கு விற்று, அண்ணாச்சி அதில் கல்யாண மண்டபம் கட்டி, மண்டபத்து முன்வாசலில் கிடந்த அரை ஏக்கர் வெறுங்கரிசலை ஜெயக்கொடியிடம் காட்டி, "கண்ணு போற வரைக்கும் பச்சையா இருக்கணும் தாயி" என்று சொன்ன வருஷம்தான் பெரிய வெடிப்புக்கு இடமில்லாமல் போனது.

ஜெயக்கொடி செயற்கைப் புல் பதிக்கிறவள். கோயம்புத்தூரில் பந்து விளையாடும் டர்ஃப் மைதானங்களில் ஒன்பது வருஷம் வேலை பார்த்து, ஊர் திரும்பி, புருஷன் பால்வண்ணத்தையும் கூட்டிக்கொண்டு சொந்தமாகத் தொழில் தொடங்கி, பெட்ரோல் பங்க் வாசல், ஓட்டல் முற்றம், நகைக்கடை மொட்டைமாடி என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே பிளாஸ்டிக் பச்சை தெரிந்தாலும் அது அவள் கைவேலை என்று சொல்லும்படி பேர் எடுத்திருந்தாள். அவள் ஒட்டின இடத்தில் ஒட்டுத் தெரியாது. மாசி மாதம் முழுக்க அவளும் பால்வண்ணமும் நாலு ஆட்களும் அண்ணாச்சியின் வாசலில் கரிசலை முழங்கால் ஆழத்துக்கு வெட்டி அள்ளி, சரளை கொட்டி, ரோலர் உருட்டி, தடித்த துணி விரித்து, கிரஷர் மண் பரப்பி மட்டம் பார்த்து, புல் சுருள்களை ஒரு நாள் வெயிலில் காயப்போட்டு, ஒரே பக்கம் சாய்வு வரும்படி விரித்து, பசை தடவி ஒட்டி, மணல் தூவி வாரிவிட்டார்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் அவளுக்கும் அண்ணாச்சிக்கும் பேச்சு வந்தது.

"அண்ணாச்சி, நாலு ஓரத்துலயும் ஒரு சாண் விட்டு வெறும் சல்லி போடணும். நடுவுலயும் ரெண்டு இடத்துல விடணும். கரிசல் கோடையில சுருங்கும், மழையில உப்பும். அது அசையறதுக்கு எடம் வேணும்" என்றாள்.

"சல்லி தெரிஞ்சா கல்யாண போட்டோவுல நல்லாவா இருக்கும்? சுவரோட சுவரா ஒட்டி, சுத்தி காங்கிரீட் போட்டு இறுக்கிரு" என்றார் அண்ணாச்சி.

சாத்தூரில் ஒரு காலேஜ் மைதானம் பேசி வைத்திருந்தாள், அங்கே போக வேண்டிய அவசரம். வாதாடினால் நாள் போகும். "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று அண்ணாச்சி கேட்டபோது, ஆகும் என்று தெரிந்தே, கையில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டு, "ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி" என்றாள்.

பங்குனி பதினொன்றாம் தேதி, உச்சிப்பொழுதில், மேலத்தெருவின் முதல் வீடான வேல்த்தாயின் டீக்கடையில், பழந்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சிமெண்ட் தரை நாலு விரல் அகலத்துக்குப் பிளந்து, பிளவு சுவரில் ஏறி, கூரையைத் தொட்டு நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தால் கரிசல் தெரிந்தது. மழை பெய்த மறுநாள் காட்டில் அடிக்கிற வாசனையோடு குளிர்ந்த காற்று வந்தது. வேல்த்தாய் பாய்லரை நகர்த்தி வைத்துவிட்டு, "இது நம்ம கொம்பையா காட்டு வெடிப்புல்லா" என்றாள். தெரிந்தவர் வாசலில் வந்து நின்றால் எப்படிச் சொல்வாளோ அப்படித்தான் சொன்னாள். பொழுது இறங்கியதும் வெடிப்பு மூடிக்கொண்டது. தரையிலும் சுவரிலும் கீறல் கூட இல்லை. பிளவு நடுவில் அகப்பட்ட கண்ணாடி பாட்டில் மட்டும் உடைந்தது உடைந்ததுதான். மறுநாள் உச்சியில் அது பக்கத்து வீட்டில் திறந்தது. அதற்கு மறுநாள் அதற்கும் பக்கத்து வீட்டில்.

இப்படி அது ஒரு வீடு விடாமல் வரிசையாகப் போய்க்கொண்டிருக்க, ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. யார் வீட்டுக்கு என்றைக்கு என்று டீக்கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்தார்கள். முறை வந்த வீட்டில் காலையிலேயே பாத்திர பண்டத்தை வெளியே எடுத்து, வேப்பமரத்தடியில் அடுப்பு மூட்டி, வெடிப்பு பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கும் சேர்த்து உலை வைத்தார்கள். உச்சி நேரத்தில் அது திறந்ததும் வீட்டுக்காரி ஒரு செம்புத் தண்ணீரை அதற்குள் ஊற்றி, "வந்த வழியாப் போயிரு" என்று சொல்வது முறையானது. சாவு விழுந்த ஒரு துட்டி வீட்டை அது தாண்டிப் போய், காரியம் முடிந்த மறுநாள் திரும்பி வந்து முறையை முடித்துக்கொண்டு போனபோது, மனுஷனுக்கு இல்லாத இங்கிதம் அதற்கு இருக்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மேலத்தெருவில் பேச்சில்லாமல் இருந்த இரண்டு அண்ணன் தம்பிகள், நடுச்சுவர் பிளந்து ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்த அன்று, வேறு வழியில்லாமல் பேசிவிட்டார்கள். புல் போட்டதால்தான் இது அலைகிறதோ என்று யாராவது கேட்டால் ஜெயக்கொடி, "இந்த வருஷ வெயிலு அப்படி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள்.

ஆனால் சாத்தூர் வேலை காலேஜ் பரீட்சை முடியும் வரைக்கும் தள்ளிப்போயிருக்க, ஒவ்வொரு நாளும் உச்சிக்கு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு முறை வந்த வீட்டுக்கு அவள் போனாள். நாலு விரலாக இருந்தது சித்திரை பிறந்தபோது ஒரு சாண் ஆயிற்று; கீழத்தெருவுக்குள் நுழைந்தபோது ஒரு முழம். மற்றவர்கள் வெடிப்பு எந்த வீட்டுக்கு வருகிறது என்று பார்த்தார்கள். எங்கே போகிறது என்று அவள் ஒருத்திதான் பார்த்தாள். கீழத்தெருவின் கடைசி வீடு அவளுடையது. அதற்கு அப்பால் வீடு கிடையாது. நாலு தூண்களின் மேல், ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஊரின் மேல்நிலைத் தொட்டிதான் நின்றது. அதன் காலடியில் அங்கன்வாடி. தண்ணீர் வருவதோ பத்து நாளைக்கு ஒரு தரம்.

அவள் வீட்டு முறை ஒரு வியாழக்கிழமை வந்தது. அக்கினி நட்சத்திரம் தொடங்கி நாலாவது நாள். பொருள்களை வெளியே எடுத்துவிட்டு, கடைசியாகச் சுவரில் தொங்கிய படத்தை எடுக்க உள்ளே போனவளையும், வாசலில் நின்று எதையோ கேட்க வந்த பால்வண்ணத்தையும் இரண்டு பக்கமாக விட்டுவிட்டு வெடிப்பு திறந்தது. ஒன்றரை முழம். தாண்டினால் தாண்டலாம், ஆனால் ஆழம் தெரியாததைத் தாண்ட இருவருக்கும் துணிச்சல் இல்லை. அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். அவன் நிலைப்படியில் உட்கார்ந்தான். நடுவில் இருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது.

"நாளைக்குத் தொட்டி" என்றாள் ஜெயக்கொடி.

"தெரியும்."

"நாலு தூண்ல ஒண்ணு பிளந்தாப் போதும். சாயந்திரம் மூடிக்கிடும், வாஸ்தவந்தான். அதுவரைக்கும் தொட்டி நிக்குமா?"

பால்வண்ணம் தெருவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "புள்ளைகளக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. தண்ணியத் திறந்து விட்டுருவாங்க. நீ பேசாம இரு. கரிசல்ல வேலை தெரியாதவன்னு ஒரு பேரு விழுந்துட்டா இந்த ஜில்லாவுல நம்மள ஒருத்தன் கூப்பிட மாட்டான். சாத்தூர் வேலையும் போயிரும்."

"வேலை தெரியாமலா செஞ்சேன்? தெரிஞ்சே செஞ்சேன். தெரியாமச் செஞ்சிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

"அண்ணாச்சிதான காங்கிரீட் போடச் சொன்னாரு?"

"அவருக்குக் கரிசலப் பத்தி என்ன தெரியும்? ஒண்ணும் ஆகாதுல்லன்னு என் மூஞ்சியப் பார்த்துக் கேட்டாரு. ஆகாதுன்னேன்."

வெயில் வாசலை விட்டு இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்ச் சுவரில் ஏறி மறைகிற வரைக்கும், கல்யாணம் ஆன பதினாறு வருஷத்தில் உட்காராத நேரம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வெடிப்பு மூடியதும் அவள் எழுந்து, அது இருந்த தரையின் மேல் கால் வைத்து, அவனைத் தாண்டிக்கொண்டு வெளியே போனாள்.

மண்டபத்தில் விளக்கு போட்டிருந்தார்கள். மறுநாள் சாயந்திரம் அண்ணாச்சி மகளின் கல்யாண வரவேற்பு. அண்ணாச்சி புல்லின் நடுவில் நின்று, பூ அலங்காரக்காரர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நாளைக்கு உச்சிக்குள்ள இந்தப் புல்ல நடுவுல அறுக்கணும். வெடிப்புக்கு எடம் நாமதான் இல்லாம ஆக்கிட்டோம். நாளைக்குத் தொட்டிக்குப் போகுது."

அவர் சிரிக்கவில்லை. "ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான். பொய் சொன்னேன்."

"அப்போ பொய் சொன்னவ, இன்னைக்கு உண்மை சொல்றான்னு நான் எதுக்கு நம்பணும்?"

அண்ணாச்சியின் குரல் கோபத்திலிருந்து வேறு எதற்கோ இறங்கியது. "ஆயிரம் பேரு வர்றாங்க தாயி. பிளந்து கிடக்கிற பூமியில பொண்ணையும் மாப்பிள்ளையையும் நிப்பாட்டுனா சம்பந்தி வீட்டுல என்ன சொல்வாங்க? ரெண்டு எடம் தட்டிப்போய் மூணாவதா அமைஞ்சது. அவ அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். போ. ஐப்பசி வரட்டும், அறுத்துக்கோ." பிறகு வாட்ச்மேன் பக்கம் திரும்பி, "ஏ கொம்பையா, நாளைக்கு நான் வர்ற வரைக்கும் கேட்ட யாருக்கும் திறக்காத" என்றார். காட்டை விற்ற கொம்பையாதான் இப்போது அங்கே வாட்ச்மேன்.

திரும்பி வரும் வழியில், தொட்டிக் குழாயடியில் குடத்தோடு நின்ற கூட்டத்தில் ஜெயக்கொடி நின்று, ஒரு சாண் விடாமல் போன கதையை முதலில் இருந்து சொன்னாள். குடங்கள் நிரம்பி வழிந்தன. யாரும் குழாயை மூடவில்லை.

"எங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மயினி" என்றாள் வேல்த்தாய். அதைவிட எதுவும் ஜெயக்கொடியைச் சுட்டிருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலையில் இருந்து ஊர் கூடிப் பேசியது. மண்டபத்துக்கே போய்க் கேட்டை உடைப்போம் என்றார்கள் சிலர். ஒரு பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் ஊருக்கு வேண்டாம் என்றார்கள் சிலர். இத்தனை வீட்டுக்கு வந்து ஒருத்தருக்கும் நகக்கீறல் படாமல் போனது தொட்டியிலும் பார்த்துத்தான் பிளக்கும் என்றார்கள் பெரும்பாலோர். குழாய்களை எல்லாம் திறந்துவிட்டு, அண்டா, குடம், தொட்டி மாதிரிக் கட்டிய தார்ப்பாய் வரைக்கும் பிடித்தும், பதினோரு மணிக்குத் தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அங்கன்வாடிப் பிள்ளைகள் கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். பேச்சு முடிகிற மாதிரி தெரியவில்லை. ஜெயக்கொடி வளைந்த கத்தியையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்தாள்.

கேட்டுக்கு உள்ளே ஸ்டூலில் கொம்பையா உட்கார்ந்திருந்தார்.

"திறக்கக் கூடாதுன்னு உத்தரவு" என்றார்.

"தெரியும் சித்தப்பா."

அவர் கடப்பாரையைப் பார்த்தார். பிறகு மேற்கே, பச்சையாகக் கிடந்த தன் பழைய காட்டைப் பார்த்தார். "நான் பத்திரத்துல நிலத்தத்தான் எழுதிக் குடுத்தேன்" என்றார். "வெடிப்ப எழுதிக் குடுக்கல." எழுந்து தாழ்ப்பாளை நீக்கினார்.

உச்சி வெயிலில் பிளாஸ்டிக் புல் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. செருப்பின் அடி இளகி ஒட்டியது. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத ஒட்டு எங்கே ஓடுகிறது என்பது அவள் விரலுக்குத் தெரியும். முட்டி போட்டு, சேலை வழியாகச் சூடு ஏற ஏற, தன் கையால் ஒட்டினதைத் தன் கையாலேயே சுவரிலிருந்து சுவர் வரைக்கும் அறுத்துக்கொண்டு போனாள். இரண்டு பக்கமும் புல்லை மடித்துவிட்டு, கிரஷர் மண்ணை வழித்து, துணியைக் கிழித்து, சரளையில் கடப்பாரையைப் போட்டாள். தீப்பொறி பறந்தது. ரோலர் உருட்டி இறுக்கின சரளை. எட்டு முறை உருட்ட வேண்டிய இடத்தில் பத்து முறை உருட்டச் சொன்னதும் அவள்தான்.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள்.

"நீ எங்க இருக்கேன்னு தெரியும்" என்றான் பால்வண்ணம். அவன் குரல் அவளுக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "நான் தொட்டிக்கிட்ட நிக்கேன். மூணாவது தூண்ல கோடு விழுந்துருச்சு. முடி கனம்தான். முழங்கால் உயரத்துக்கு ஏறியிருக்கு. நீ தோண்டு, நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

அவள் தோண்டினாள். கொம்பையா மண்வெட்டியோடு வந்து எதிர்ப்பக்கம் நின்று தோண்டினார். "இடுப்பு உயரம்" என்றது போன். ஒரு சாண் சரளை பெயர்ந்தது. கீழே இன்னும் சரளை. "நெஞ்சு உயரம். ஜெயக்கொடி, விரல் நுழையுது இப்போ." உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி உடைந்தது.

கார் வந்து நின்ற சத்தத்தை அவள் கேட்கவில்லை. கடப்பாரை ஓங்கினது இறங்காமல் மேலேயே நின்றபோதுதான் திரும்பினாள். வெள்ளை வேட்டியில் அண்ணாச்சி அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மூஞ்சி கறுத்துப்போயிருந்தது.

"அடிப்பாவி" என்றார். "என் மக கல்யாணத்துல..."

"ஆள் உயரம் தாண்டிருச்சு" என்றது போன். "தொட்டியில இருந்து காரை உதிருது. எல்லாரும் ஓடுறாங்க. ஜெயக்கொடி? ஜெயக்கொடி, கேக்குதா?" போனுக்குள் யாரோ ஒரு பெண் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள்.

"நீ ஓடு" என்று கத்தினாள் ஜெயக்கொடி.

"நீ முடிச்சேன்னு சொல்லு. பிறகு ஓடுறேன்."

அண்ணாச்சி போனைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று பிற்பாடு கேட்டபோது மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். பிறகு கடப்பாரையை விட்டார்.

"அந்தப் பக்கம் போகாத. அங்க மேடை வருது" என்றார். "இங்க தோண்டு."

அவள் அங்கே தோண்டினாள். நாலாவது குத்தில் கடப்பாரை சத்தமில்லாமல் இறங்கியது. சரளைக்குக் கீழே கரிசல். ஒரு பிடி அகலத்துக்குத்தான் அது தெரிந்தது. தெரிந்த மாத்திரத்தில் பழந்துணி கிழிகிற சத்தம் கேட்டு, சத்தம் இரண்டு பக்கமும் ஓடி, மீதிச் சரளையைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டு, மேற்குச் சுவரில் இருந்து கிழக்குச் சுவர் வரைக்கும் பெரிய வெடிப்பு தன் இடத்தில் திறந்தது. கடப்பாரை போயிற்று. கொம்பையா அவள் சேலையைப் பிடித்து இழுத்திராவிட்டால் அவளும் போயிருப்பாள். காலுக்குக் கீழே இருந்து குளிர்ந்த காற்று எழுந்து மூன்று பேரின் முகத்திலும் அடித்தது.

போனில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு பால்வண்ணம், "கோடு இறங்குது" என்றான். "நெஞ்சு. இடுப்பு. முழங்கால். ஒண்ணுமில்ல ஜெயக்கொடி. தூண் சுத்தமா இருக்கு." சொல்லிவிட்டு அவன் அழுதது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

சாயந்திரம் வரவேற்பு நடந்தது. சம்பந்தி வீட்டார் வேன்களில் இருந்து இறங்கி, வாசலை இரண்டாக வகுந்துகொண்டு கிடந்த வெடிப்பைப் பார்த்து ஒரு கணம் நின்றார்கள்; அண்ணாச்சி கூப்பின கையை இறக்காமல் நின்றார். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்திதான் முதலில் கிட்டே போய்க் குனிந்து, "ஆத்தாடி, என்ன குளிர்ச்சி! ஏசி வச்சிருக்காங்க போல" என்றாள். பகலெல்லாம் காய்ந்த புல் அப்போதும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆயிரம் பேரும் நாற்காலிகளை மேடைப் பக்கத்திலிருந்து தூக்கிவந்து வெடிப்பின் இரண்டு கரையிலும் போட்டுக்கொண்டார்கள். கீழத்தெருக்காரர்கள் பிள்ளைகளோடு வந்து, வீட்டுக்கு வந்துபோன விருந்தாளியை அவர் ஊரில் போய்ப் பார்க்கிற முகத்தோடு எட்டிப் பார்த்தார்கள். வேல்த்தாய் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள். கல்யாணப் பெண் பட்டுச்சேலையை ஒதுக்கிக்கொண்டு கரையில் உட்கார்ந்து, கால் இரண்டையும் உள்ளே தொங்கவிட்டு, மாப்பிள்ளையையும் உட்காரச் சொன்னாள்.

சாத்தூர் வேலை அன்றைக்கே போய்விட்டது. யாரோ போன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள். ஜெயக்கொடி மடித்துவிட்ட புல்லின் ஓரங்களுக்கு ஆணி அடித்து, யாரும் இடறாதபடி மணல் மூட்டைகளை வைத்து முடித்துவிட்டு, கூட்டத்தின் ஓரமாகவே கேட்டுக்குப் போனாள். அண்ணாச்சி வழியில் நின்றார். அவளைப் பார்க்காமல், பந்தி நடக்கிற பக்கம் பார்த்துக்கொண்டு, "சாப்பிட்டுட்டுப் போ" என்றார். "உன் புருஷன் உள்ளதான் இருக்கான்."

அவள் போய்ப் பந்தியில் உட்கார்ந்தாள். இலை போட்டார்கள். சோறும் சாம்பாரும் விழுந்தன. கை வைத்ததும் கொப்புளங்களில் சூடு ஏறி, கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். பக்கத்து இலையில் இருந்த பால்வண்ணம் அதைப் பார்த்தான். நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவள் இலையில் இருந்த சோற்றைப் பிசைந்து, உருட்டி, அவள் வாய்க்கு நேராக நீட்டினான்.

"எல்லாரும் பாக்காங்க" என்றாள்.

"பாக்கட்டும்."

பந்தியில் ஒரு கிழவர், "ஏய், பொண்ணு மாப்பிள்ளைக்கு முன்னாடியே இங்க ஒண்ணு நடக்குடா" என்று கத்தினார். போட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான். முந்நூறு பேர் சிரிக்க, அவள் வாயைத் திறந்தாள்.